வரவேற்பதற்கென்றே பிறந்தவர்கள்

அறிக்கை எழுதுவது சிங்கப்பூரில் சிரமமான வேலையே இல்லை. "இத்திட்டத்தை நாங்கள் மனமார வரவேற்கிறோம், இது இரு நாட்டு மக்களுக்கும் எண்ணற்ற வாய்ப்புகளைத் திறந்துவிடும்" என்று ஒரு தாளில் அச்சடித்து, திட்டத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்தால் போதும். முப்பது ஆண்டுக்கு அந்த ஒரே தாள் தாங்கும்.

2025ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி அந்தத் தாளுக்கு மறுபடி வேலை வந்தது. புத்ராஜெயாவில் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராகிமும் சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங்கும் முன்னிலை வகிக்க, ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கைமாறியது. சிங்கப்பூரைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட நிலப்பரப்பு. பதினொரு துறைகள், ஒன்பது முதன்மைப் பகுதிகள். முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்கள், பத்தாண்டுகளில் 100. முதல் ஐந்தாண்டுக்குள் 20,000 திறன்மிக்க வேலைகள். வணிகர்கள் வரவேற்றார்கள், வங்கிகள் வரவேற்றன, நிபுணர்கள் வரவேற்றார்கள். வரவேற்காமல் விட்டது, பாவம், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றவர்கள் மட்டும்தான். அவர்களுக்குக் கை இரண்டும் ஹேண்டில்பாரில் இருந்தன.

மார்சிலிங்கில் உயரமான மாடி எதிலும் ஏறி நின்றால் ஜோகூர் பாரு தெரியும். அவ்வளவு பக்கம். பொருளியல் மண்டலம் என்று புத்ராஜெயாவில் படம் காட்டி விளக்கியதை நாங்கள் துணி காயப்போடும்போது தினமும் பார்க்கிறோம். அதனால்தானோ என்னவோ, எங்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் ஒரே நிமிடத்தில் பொதுமக்கள் கருத்தைத் திரட்டியிருக்கலாம்.

"அண்ணே, இருபதாயிரம் வேலையாம்லா!"

"யாருக்கு?"

"திறன் உள்ளவங்களுக்காம்."

"அப்ப நமக்கில்ல. காப்பி ஆறிப்போவுது, குடி."

பாதுகாவலர் சட்டையோடு இரவு வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த அந்த அண்ணன் பொருளியல் படித்தவரல்ல. ஆனால் நாளேடுகளில் பக்கம் பக்கமாக ஓடிய அலசல்கள் தொடாத கேள்வியை ஒரே சொல்லில் கேட்டுவிட்டார்.

அடுத்த வாரமே தபால்பெட்டியில் வழவழத் தாள் வந்து விழுந்தது. சொத்து முகவர் புன்னகைக்கிறார். "ஜோகூருக்கு ஐந்தே நிமிடம்! உங்கள் வீட்டின் மதிப்பு எவ்வளவு என்று தெரியுமா?" கடற்பால நெரிசலும் ஹாரன் சத்தமும் வண்டிப் புகையும் சேர்ந்து, "மார்சிலிங்கா? ஐயோ, அவ்வளவு தூரமா!" என்று தேக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களை இவ்வளவு காலம் முகம் சுளிக்க வைத்த அதே இடம்தான். ஒரே இரவில் "எல்லைக்கு அருகிலுள்ள எதிர்காலம்" ஆகிவிட்டது. ஐந்து நிமிடம் என்பது, இரு கரையையும் இணைக்கப்போகும் ஆர்டிஎஸ் ரயில் உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகார் போய்ச் சேரும் நேரம். மார்சிலிங்கில் அந்த ரயில் நிற்காது. இங்கிருந்து ஒரு நிறுத்தம் போய், உட்லண்ட்ஸில் தடம் மாறி, இன்னொரு நிறுத்தம் போய், அங்கே குடிநுழைவுச் சோதனையையும் முடித்த பிறகுதான் அந்த ஐந்து நிமிடம் தொடங்கும். வழவழத் தாளில் அதற்கெல்லாம் இடமில்லை. முகவரின் பற்கள் நிறைய இடத்தை எடுத்துக்கொண்டன.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் வரவேற்கத்தான் செய்தார்கள், வயிற்றில் புளியைக் கரைத்தபடி. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சனிக்கிழமை வந்தால் இங்கே முடிதிருத்தும் கடையில் நாற்காலி காலி, அக்கரையில் வரிசை. வாடகை, மின்கட்டணம், 2024 முதல் 9 விழுக்காடான ஜிஎஸ்டி எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு இங்கே இட்லி விற்பவர், அங்கே மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இட்லி விற்பவரோடு போட்டி போட வேண்டும். ரயில் வந்தால் அந்தப் போட்டி இன்னும் சுலபமாகும், வாடிக்கையாளருக்கு. ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஜனவரியின் தொடக்கத்தில், அக்கம்பக்கக் கடைகளும் பிழைக்கட்டும் என்று வீட்டுக்கு 300 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். நம்மவர்கள் அதை இங்கே செலவழித்துவிட்டு, மிச்சமான ரொக்கத்தோடு அக்கரைக்குப் போனார்கள்.

நம்மைப் பற்றியும் நாலு வார்த்தை பேசத்தான் வேண்டும். வார இறுதியில் கடற்பாலத்தில் மூன்று மணிநேரம் நின்று, இருபது வெள்ளி மிச்சம் பிடித்து, அந்தப் பெருமையைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் இரண்டு மணிநேரம் பேசும் இனம் நாம். போகும் வழியில் நம் கார்த் தொட்டியில் முக்கால் அளவு பெட்ரோல் இருக்க வேண்டும். 1991 முதல் அதுதான் சட்டம். குறைந்தால் அபராதம் கட்டி, வந்த வழியே திரும்பலாம். திரும்பி வரும்போது, 48 மணிநேரத்துக்குள் வருகிறவர் என்றால் 100 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். இரண்டு நாட்டுப் பொருளியலையும் ஒன்றாக்கப் போகும் மண்டலத்தின் வாசலில், எண்ணெய் முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கும் அதிகாரி! மூலதனத்துக்கு முள் கிடையாது. அது தொட்டி காலியாக இருந்தாலும் போகலாம், நிரம்பி வழிந்தாலும் வரலாம்.

சரி, சிரித்தது போதும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு, சோதனைச்சாவடியைத் தாண்டி வரும் மோட்டார்சைக்கிள்களைச் சற்று நின்று பாருங்கள். சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டிருப்பார்கள். பித்தான் முதுகுப் பக்கம். காற்று நெஞ்சில் அறையாமல் இருக்க அவர்களே கண்ட வழி. சிக்னலில் நிற்கும் முப்பது நொடியில் கண் சொருகும் ஆளைப் பார்க்கலாம். பின்னிருக்கையில் மனைவி, இருவருக்கும் நடுவில் சாப்பாட்டுப் பை. மாசாயிலிருந்து வருகிறவர், தம்போயிலிருந்து வருகிறவர், கூலாயிலிருந்து மூன்றரைக்கே எழுந்து புறப்பட்டவர். அதில் நம் முகங்கள் எத்தனை! அப்பன் பாட்டன் ஜோகூர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். தோட்டம் துண்டு போடப்பட்டு வீட்டுமனையானபோது வெறுங்கையோடு வெளியே வந்தவர்களின் பிள்ளைகள். அன்று விடியுமுன் மரத்துக்கு ஓடினார்கள், இன்று விடியுமுன் பாலத்துக்கு ஓடுகிறார்கள். தலைமுறை முன்னேறிவிட்டது என்பதற்கு அடையாளமாக இப்போது தலைக்கவசம் இருக்கிறது.

நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தப் பாலத்தைக் கடக்கிறார்கள். 1924இல் திறந்த, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பாலம். நெரிசல் நேரத்தில் சோதனையைக் கடக்கச் சராசரி ஒரு மணிநேரம் ஆகிறது என்று அதிகாரிகளே சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போடுவோம். வர ஒன்று, போக ஒன்று. வாரம் ஆறு நாள். பன்னிரண்டு மணிநேரம். ஆண்டுக்கு 624. பகலும் இரவும் சேர்த்து 26 முழு நாட்கள் ஒரு மனிதர் ஆண்டுதோறும் அந்தச் சாலையில் புகையைக் குடித்துக்கொண்டு நிற்கிறார். இதற்குச் சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது. எந்த நாட்டு உற்பத்திக் கணக்கிலும் இந்த 26 நாள் வராது. சிங்கப்பூரின் ஆலைகளும் கிடங்குகளும் கடைகளும் காலை எட்டு மணிக்குத் திறந்திருப்பது இந்தத் தூங்காத தூக்கத்தின் தயவால் என்று எந்தப் பொருளியல் நிபுணரும் வரைபடம் போட்டதில்லை.

நிவாரணம் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. சோதனைச்சாவடியை விரிவாக்கி அந்த ஒரு மணிநேரத்தைப் பதினைந்து நிமிடமாக்கப் போகிறார்கள். எப்போது? படிப்படியாக, 10 முதல் 15 ஆண்டுகளில். இன்று இருபத்தெட்டு வயதில் மோட்டார்சைக்கிளில் வருகிறவர் பதினைந்து நிமிடத்தில் கடக்கும் காலத்தில் நாற்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்; முதுகு வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து விழுக்காட்டு வரி என்ற சலுகை மட்டும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை.

ஆம், வரிச்சலுகை. ஒப்பந்தம் கைமாறிய மறுநாளே மலேசியா அதை அறிவித்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு போன்ற தேர்ந்த துறைகளில் முதலிடும் நிறுவனத்துக்கு 15 ஆண்டு வரை 5 விழுக்காடு வரி. அறிவுசார் ஊழியர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒரே சீராக 15 விழுக்காடு வருமான வரி. ஃபாரஸ்ட் சிட்டியில் பெரும் பணக்காரக் குடும்பங்களின் சொத்தைக் காக்கும் அலுவலகங்களுக்கு வரியே இல்லை என்று அதற்கு முன்பே, 2024 செப்டம்பரில், சொல்லியாயிற்று. பணக்காரருக்குப் பூஜ்யம், நிறுவனத்துக்கு ஐந்து, மூளைக்காரருக்குப் பதினைந்து. சட்டையைத் திருப்பிப் போட்டவருக்கு? அவருக்கு 2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இன்றைய மதிப்பில் ஐந்நூற்றுச் சொச்சம் வெள்ளி. அந்தச் சம்பளம் அங்கே இருக்கும்வரை அவர் இங்கேதான் வருவார், தூங்காமல்தான் வருவார். ஐம்பது திட்டம் அல்ல, ஐந்நூறு திட்டம் வந்தாலும் வருவார்.

ஃபாரஸ்ட் சிட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது, நாம் இதுவரை எதையெல்லாம் மனமார வரவேற்றிருக்கிறோம் என்று. 1989 டிசம்பரில் அப்போதைய துணைப் பிரதமர் கோ சோக் டோங், சிங்கப்பூர், ஜோகூர், ரியாவ் மூன்றும் சேர்ந்த வளர்ச்சி முக்கோணம் என்றார். வரவேற்றோம். 2006இல் சிங்கப்பூரைப்போல் மூன்று மடங்கு என்று இஸ்கந்தர் வந்தது. வரவேற்றோம். ஏழு லட்சம் பேர் வாழ்வார்கள் என்று கடலை மேடாக்கிக் கட்டிய ஃபாரஸ்ட் சிட்டியில் இன்று மாடிக்கு மாடி விளக்கெரியாத சன்னல்கள். அதையும் வரவேற்றவர்கள்தான் நாம். 2016இல் கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் ஒப்பந்தம். அதற்காக ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலத்தைக் கையகப்படுத்தி, கோல்ஃப் ஆடியவர்களையும் வெளியேற்றினார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஒப்பந்தம் காலாவதி. மலேசியா 102 மில்லியன் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கட்டியது. ரயில் வரவில்லை, கோல்ஃபும் இல்லை. ஆர்டிஎஸ் மட்டும் தப்பியது: 2010இல் பேச்சு, 2018இல் ஒப்பந்தம், 2019இல் நிறுத்தம், 2020இல் மறுபடி ஒப்பந்தம், 2026 இறுதிக்குள் ஓடவைப்பது இலக்கு. அது ஓடட்டும், நிச்சயமாக ஓடட்டும். மணிக்கு ஒவ்வொரு திசையிலும் 10,000 பேரைச் சுமக்கும் என்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் துவாஸில் ஏழு மணி வேலைக்குப் போகிறவர் உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கி அங்கிருந்து எப்படிப் போவார், அந்த ரயில் கட்டணம் அவர் மோட்டார்சைக்கிளுக்கு ஊற்றும் எண்ணெயைவிடக் குறைவாக இருக்குமா என்பது எந்த வரவேற்பு அறிக்கையிலும் இல்லை.

வளர்ச்சி என்றால் யாராவது இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அந்த முறை மார்சிலிங்குக்கு வந்தது. 2022 மே மாதம், சோதனைச்சாவடி விரிவாக்கத்துக்காக மார்சிலிங் கிரசென்ட், மார்சிலிங் லேனில் ஒன்பது வீவக புளோக்குகளை எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தார்கள். 732 வீடுகள். சந்தை விலையில் இழப்பீடு உண்டு, உட்லண்ட்ஸ் ஸ்திரீட் 13இல் 99 ஆண்டுக் குத்தகையோடு புது வீடு உண்டு. தாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதற்கும் உடனே, அங்கே குடியிருக்கும் ஒரு பாட்டிக்கு வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார்கள் நம் ஆட்கள்: "அதிர்ஷ்டம் அடிச்சிருச்சு பாட்டி, லாட்டரி விழுந்த மாதிரி!"

எழுபத்தைந்து வயதில் 99 ஆண்டுக் குத்தகை. பாட்டி நூற்று எழுபத்து நான்கு வயது வரை நிம்மதியாக இருக்கலாம். இப்போது இருக்கும் தளத்தில் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியிடம் இவருடைய வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் நோன்புக் கஞ்சி கொடுக்கும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்குப் போகும். வாசல் விளக்கு காலையிலும் அணையாமல் இருந்தால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். மார்சிலிங் ரைசில் இருக்கும் சிவ கிருஷ்ணர் ஆலயத்துக்குக் கால் தானாக வழி தெரிந்து போகும். இதற்கெல்லாம் மதிப்பீட்டாளர் என்ன விலை போட்டார்? சதுர மீட்டர்க் கணக்கில் இது அடங்காது. அதனால் கணக்கிலேயே வரவில்லை. 2050க்குள் நாளுக்கு நான்கு லட்சம் பேர் கடக்கப்போகிறார்கள், அதற்கு இடம் வேண்டும் என்றால் புரிகிறது, பாட்டிக்கும் புரிகிறது. புரியாதது ஒன்றுதான்: விட்டுக்கொடுக்கிறவரை எதற்காக அதிர்ஷ்டசாலி என்று கூப்பிட வேண்டும்? இழப்பை இழப்பென்று சொல்லி, நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் எந்த முதலீட்டாளர் கோபித்துக்கொண்டு ஓடிவிடுவார்? அதுவும் இது பிரதமரே உறுப்பினராக இருக்கும் மார்சிலிங்–இயூ டீ குழுத்தொகுதி. சத்தம் போட்டுச் சொல்ல வேண்டிய தூரம்கூட இல்லை.

எல்லையைத் திறப்பது பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், அது மூடிய நாளை மறந்துவிட்டார்கள். 2020 மார்ச் 16ஆம் தேதி இரவு மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது. 18ஆம் தேதி முதல் வேலைக்கு அன்றாடம் போய்வர வழியில்லை. இங்கே வேலையை விட முடியாது, அங்கே போனால் திரும்ப முடியாது. ஒரு பையோடு ஓடிவந்தவர்களில் சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு வெளியே தரையில் படுத்தார்கள். பிறகு முதலாளிகள் இடம் தேடினார்கள்; அரசாங்கம் ஆளுக்கு இரவுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுக்கு நிறுவனங்களுக்குக் கைகொடுத்தது. அதற்குப் பிறகு? முழுத் தடுப்பூசி போட்டவர்கள் நிலவழியில் தாராளமாகப் போய்வரும்படி கதவு திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. இரண்டு ஆண்டு. பிள்ளை நடக்கக் கற்றதையும் தகப்பன் சிதை எரிந்ததையும் கைபேசித் திரையில் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கடைகளில் சாமான் அடுக்கியது யார், பேருந்து ஓட்டியது யார், மருத்துவமனைத் தரையைத் துடைத்தது யார் என்று அந்த இரண்டு ஆண்டில் இந்த ஊருக்கு நன்றாகவே தெரிந்தது. "அத்தியாவசிய ஊழியர்கள்" என்று புகழ்ந்தோம், மாடத்தில் நின்று கைதட்டினோம். கதவு திறந்ததும் அவர்கள் மறுபடி வரிசைக்குப் போனார்கள். நாம் மறுபடி ஷாப்பிங் போனோம்.

மண்டலம் வேண்டாம் என்று மார்சிலிங்கில் யாரும் சொல்லவில்லை. ஜோகூரிலேயே நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்து, மாசாய்க்காரர் விடிந்த பிறகு எழுந்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் அதைவிடப் பெரிய வளர்ச்சி எங்களுக்குத் தெரியாது. அது நடக்குமா என்றுதான் கேட்கிறோம். இந்தக் கேள்வி கேட்பதை எதிர்ப்பு என்கிறார்கள். வளர்ச்சியைப் புரிந்துகொள்ளாத குணம் என்கிறார்கள். அறிவிப்பை அறிவித்தவரைவிட வேகமாகப் புரிந்துகொண்டு கைதட்டும் நம் சங்கத்துக்காரர்களுக்குத்தான் இதில் அதிகக் கோபம். அடுத்த விருந்தில் முன்வரிசை நாற்காலி போய்விடுமே!

ஆகவே அந்த அச்சடித்த தாளை ஒருமுறையாவது கிழித்துப் போட்டுவிட்டு மூன்று கேள்விகளை எழுதுங்கள். அந்த 20,000 வேலைகளில் ஒவ்வொன்றுக்கும் சம்பளம் என்ன, அதில் இன்று பாலம் கடக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சேர்ப்பது எத்தனை? வரிசையில் கழியும் நேரம் எவ்வளவு குறைந்தது என்று, வந்த முதலீட்டைச் சொல்வதுபோல் ஆண்டுதோறும் சொல்வீர்களா? நாளை மறுபடி எல்லை மூடினால் இந்தத் தொழிலாளர்களின் படுக்கைக்கும் குடும்பத்துக்கும் இப்போதே எழுத்தில் என்ன ஏற்பாடு?

இந்த மூன்றுக்கும் பதில் எழுத ஒரு பக்கம் போதும். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றால், அறிவித்தது வேலைவாய்ப்பு அல்ல. நிலத்துக்கும் மூலதனத்துக்கும் போட்ட விளம்பரம். விளம்பரத்தைப் பார்த்துக் கைதட்டச் சம்பளம் வாங்குகிறவர்கள் தட்டிக்கொள்ளட்டும். சம்பளம் வாங்காமல் தட்டுகிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.